பம்ப் வாங்கிட்டோம், பொறுப்பு யாருக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. மாரி மழை தொடங்க முதல் சொல்லிவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். உடன்பாடு இல்லாதவர்கள் தாராளமாகக் கொமென்ட்டில் சொல்லுங்கள். கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

நம்ம ஊரில் பொதுவுக்கென்று எத்தனை வோட்டர் பம்ப் இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பள்ளிவாசலுக்கு ஒன்று. விளையாட்டுக் கழகத்துக்கு ஒன்று. வெள்ள நிவாரணத்தோடு வந்தது ஒன்று. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற நம்ம பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கித் தந்தது ஒன்று. எல்லாவற்றிலும் அன்பளிப்புச் செய்தவர்களின் பெயர் பெயின்ற்றில் அழகாக எழுதியிருக்கும். நல்ல விஷயம், அல்லாஹ் கபூல் செய்யட்டும். ஆனால் அதை யார் இயக்கலாம், எங்கே வைத்து இயக்கலாம், எங்கே வைக்கவே கூடாது என்று எந்தப் பம்பிலாவது எழுதியிருக்கிறதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொதுப் பணத்தில் வாங்கிய எந்தப் பம்பும், அதை இயக்கப் பழகிய ஓர் ஆள் கூடப் போகாமல் ஸ்டோர் ரூமை விட்டு வெளியே போகக்கூடாது. வயலுக்குத் தண்ணி இறைக்கவும் இதே சட்டம்தான். கிணறு துப்பரவாக்கப் போகிறதென்றால் அந்தச் சட்டத்தில் தளர்வே இருக்கக்கூடாது.

"இது என்ன சேர், ஒரு பம்புக்கு இவ்வளவா?" என்று கேட்பீர்கள். நாம் அதைத் தண்ணிச் சாமான் என்று நினைக்கிறோம். அது முதலில் பெற்றோல் குடித்துப் புகை கக்கும் ஓர் இஞ்சின். மோட்டார் சைக்கிள் ஓட்ட லைசன்ஸ் கேட்கிற நாம், அதைவிடப் பெரிய இஞ்சின் இல்லை என்றாலும் அதே வகை இஞ்சினை, பதினாறு வயதுப் பையனிடம் "தம்பி, இத இழுத்து ஸ்டார்ட் பண்ணு" என்று கொடுத்துவிடுகிறோம்.

பம்ப் ஏன் கிணற்றுக்குள் போகிறது?

இந்த நாட்டில் கிணறு இறைக்கப் போய், உள்ளே இறக்கி வைத்த பம்பின் புகையில் மூச்சடைத்து இறந்தவர்களின் செய்தியைப் பத்திரிகையில் நாம் ஒரு தடவை மட்டும் வாசித்தவர்கள் இல்லை. மாணிக்கக் குழியிலும் நடந்திருக்கிறது, குடிதண்ணிக் கிணற்றிலும் நடந்திருக்கிறது. வாசித்துவிட்டு "யாராவது இஞ்சினைக் கிணத்துக்குள்ள இறக்குவாங்களா?" என்று கேட்கிறோம். இறக்குவார்கள். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை விளங்காமல் "இறக்காதே" என்று மட்டும் சொல்வதில் பிரயோசனம் இல்லை.

பிள்ளைகளுக்கு வகுப்பில் வளிமண்டல அமுக்கம் படிப்பிக்கும்போது ஸ்ட்ரோவால் ஜூஸ் குடிப்பதைச் சொல்லுவோம். நாம் ஜூஸை இழுப்பதில்லை. ஸ்ட்ரோவுக்குள் இருக்கிற காற்றை எடுத்துவிடுகிறோம், வெளியில் இருக்கிற காற்று ஜூஸை அமுக்கி மேலே தள்ளுகிறது. பம்பும் அப்படித்தான். காற்று எவ்வளவு தள்ளும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. கடல் மட்டத்தில் ஆகக்கூடியது 10.3 மீற்றர், ஏறத்தாழ 34 அடி. அது கணக்கு. குழாயில் உரசல், சின்னச் சின்னக் காற்றுக் கசிவு, இஞ்சினின் தேய்மானம் எல்லாம் சேர்ந்தால் நடைமுறையில் 7 மீற்றர், அதாவது 23 அடிக்கு மேல் நம்ப முடியாது. எத்தனை குதிரை வலு இஞ்சின் போட்டாலும் இந்த எல்லை மாறாது. தண்ணியைத் தள்ளுவது காற்று, இஞ்சின் இல்லை.

இப்போது பாருங்கள். காலையில் கிணற்றில் தண்ணி 15 அடியில் இருக்கிறது. பம்பை மேலே தரையில் வைக்கிறார்கள், அருமையாக இழுக்கிறது. தண்ணி குறையக் குறைய ஆழம் கூடுகிறது. 18, 20, 23. அதற்குப் பிறகு பம்ப் முக்குகிறது, குழாயில் வெறும் காற்று வருகிறது. அடியில் இன்னும் மூன்று நாலு அடி தண்ணியும் சேறும் இருக்கிறது. கூலி பேசியது முழுக் கிணற்றுக்கு. அப்போதுதான் ஒருவர் சொல்லுவார்: "பலகை ஒண்டு குறுக்கப் போட்டு இஞ்சின உள்ளுக்கு இறக்குங்கடா."

பம்ப் கிணற்றுக்குள் போவது அந்தக் கடைசி மூன்று அடித் தண்ணிக்காக. ஆள் போவதும் அதற்காகத்தான்.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் கரையோர மணலில் கிணறுகள் பெரிய ஆழம் இல்லை. அதனால் நம்ம ஆட்கள் பலருக்கு இந்தப் பிரச்சினை கண்ணில் பட்டிருக்காது. ஆனால் அதே ஆட்கள் அதே பம்பைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் கூலிக்குப் போகிறார்கள். கரையில் பழகிய பழக்கம் அங்கே உதவாது.

கிணற்றுக்குள் என்ன நடக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு. சாதாரணமாக நாம் பாவிக்கிற 2 அங்குலப் பம்பின் இஞ்சின் 160 சீசீ அளவு. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 3600 சுற்று. நாலு ஸ்ட்ரோக் இஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்று எடுக்கும், நிமிடத்துக்கு 1800 தடவை. கணக்குப்படி 290 லீற்றர் வரும். நடைமுறையில் கொஞ்சம் குறையும், 250 லீற்றர் என்று வைப்போம்.

நாலு அடி அகலக் கிணற்றில் வாயிலிருந்து தண்ணி வரைக்கும் 15 அடி என்றால் உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ 5000 லீற்றர். ஆக, இருபது நிமிடத்தில் அந்த இஞ்சின் கிணற்றிலிருக்கிற காற்று முழுவதற்கும் சமமான அளவை உள்ளே எடுத்துப் புகையாக வெளியே விட்டிருக்கும். கிணற்றுக்குள் காற்றோட்டம் கிடையாது. புகை அங்கேயே நிற்கும்.

அந்தப் புகையில் நூற்றுக்குச் சில பங்கு காபனோரொட்சைட்டு. நிறம் இல்லை, மணம் இல்லை. நமக்கு மணப்பது பெற்றோல் புகைதான், கொல்லுவது அந்த மணம் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபினோடு இந்த வாயு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் உயிர் போகும். அதைவிடக் குறைந்த அளவில் முதலில் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வருமாப்போல் இருக்கும். "காலையில சாப்பிடாம வந்தது" என்று நினைப்பார். பிறகு காலில் பலம் இருக்காது. ஆபத்து என்று மூளைக்கு விளங்கினாலும் படியில் கால் ஏறாது. இதுதான் ஆகப் பயங்கரமான விஷயம். அவர் சத்தம் போடுவார் என்று மேலே நிற்பவர்கள் காத்திருப்பார்கள். அவர் சத்தமே போட மாட்டார்.

நம்ம பக்கத்தில் நடமாடுகிற சில கதைகளையும் சொல்லிவிட வேண்டும்.

"புகை மேல போயிரும்." போகாது. காபனோரொட்சைட்டு கிட்டத்தட்டக் காற்றின் பாரம்தான், காற்றோடு கலந்து நிற்கும்.

"விளக்கை இறக்கிப் பார்ப்போம், அணையாட்டி பிரச்சினையில்லை." விளக்கு அணைந்தால் ஒட்சிசன் குறைவு என்று அர்த்தம், அது சரி. ஆனால் ஆளைக் கொல்லப் போதுமான காபனோரொட்சைட்டு இருக்கிற காற்றிலும் விளக்கு எரியும். விளக்கு எரிகிறது என்பது அனுமதிச் சீட்டு இல்லை. பெற்றோல் ஆவி நிற்கிற இடத்தில் நெருப்பை இறக்குவது வேறு ஆபத்து.

"இஞ்சின நிப்பாட்டித்தானே இறங்கினது." நிற்பாட்டினாலும் வாயு போகவில்லையே. மூடி வைத்த பானைக்குள் புகை நிற்பது போல அது நிற்கும்.

"சைலன்சருக்கு ஹோஸ் மாட்டி மேல எடுத்தம்." அந்தச் சூட்டுக்கு ஹோஸ் உருகும், பொருத்து கசியும். எந்தப் பொருத்தை நம்பி ஓர் ஆளின் மூச்சைக் கட்டப் போகிறோம்?

இரண்டாவது ஆள்

இப்படியான செய்திகளில் அடிக்கடி ஒருவர் மட்டும் இறப்பதில்லை. முதலாமவர் விழுந்ததைக் கண்டு தம்பி இறங்குவார், மகன் இறங்குவார், பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார். காப்பாற்றப் போகிறவருக்கும் அதே காற்றுத்தான். அவசரத்தில் மூச்சு வாங்க வாங்க இறங்குவதால் முதலாமவரைவிடக் கெதியாக அவரும் விழுவார். ஒரு வீட்டு வாசலிலிருந்து இரண்டு ஜனாஸா போவது இப்படித்தான்.

அதனால் கிணற்றில் இறங்குகிறவரின் உடம்பில் இறங்க முதலே கயிறு கட்டியிருக்க வேண்டும், இரண்டு தோளுக்கும் கீழால். மேலே பலமான இரண்டு பேர் அந்தக் கயிற்றோடு நிற்க வேண்டும், போனோடு இல்லை. ஒவ்வொரு நிமிடமும் பேச்சுக் கொடுக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் கயிற்றை இழுக்க வேண்டும், யாரும் இறங்கக்கூடாது. உடனே 1990 சுவசெரியவுக்கு அழைக்க வேண்டும். கயிறு இல்லாமல் ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடையாது. நல்ல பதில் இல்லாத கேள்வி வராமல் பார்ப்பதுதான் நம்ம வேலை.

பம்பை வைக்கிற முறை

இது ஆட்சேபிப்பதற்கு மட்டும் எழுதிய பதிவு இல்லை. முறையாக வைத்தால் பம்ப் அருமையான சாமான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணி மட்டம் எத்தனை அடி, கிணற்றின் அடி எத்தனை அடி என்று பாருங்கள். அடியே 20 அடிக்குள் என்றால் தரையில் வைத்த பம்பே போதும். அதற்கு மேலே என்றால் வேலை தொடங்க முதலே வேறு வழியை முடிவெடுங்கள்: கரண்டில் ஓடுகிற நீர்மூழ்கிப் பம்பைக் கயிற்றில் இறக்கலாம், ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிற லைனில் மட்டும். ஆள் இறங்க முதல் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மிச்சத் தண்ணியை வாளியால் அள்ள வேண்டும். அரை நாள் கூடப் போகும், போகட்டும்.

பம்பைச் சமதரையில், கிணற்று வாயிலிருந்து ஹோஸ் எட்டுகிற அளவுக்குத் தள்ளி, காற்று வீசுகிற திசையைப் பார்த்து வையுங்கள். புகை கிணற்றுப் பக்கமோ வீட்டு ஜன்னல் பக்கமோ போகக்கூடாது. மழை பெய்கிறதென்று குசினிக்குள்ளும் விறாந்தையிலும் வைத்து ஓட்டுவதும் கிணற்றுக்குள் வைப்பது மாதிரித்தான்.

உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் வளையம் வைத்த தடித்த ஹோஸாக இருக்க வேண்டும். மெல்லிய ஹோஸ் போட்டால் உள்ளே சப்பிப்போகும். பொருத்துகளை கிளிப் போட்டு இறுக்குங்கள். ஒரு ஊசித்துவாரக் கசிவு போதும், தண்ணி ஏறாது. "இஞ்சின் சரியில்ல" என்று நாம் திட்டுவதில் பாதி இந்தக் கசிவுதான். நுனியில் சல்லடை கட்டாயம், அதைச் சேற்றில் கிடக்க விடாமல் கொஞ்சம் தூக்கிக் கட்டுங்கள்.

ஒயில் பாருங்கள். பம்பின் வயிற்றுக்குள் தண்ணி நிரப்பிவிட்டு மூடியை இறுக்கி, அதற்குப் பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும். தண்ணி இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கிற சீல் சூடாகிக் கெட்டுவிடும். பொதுப் பம்புகள் ஒரு வருடத்தில் மூலையில் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பெற்றோல் ஊற்றக் கூடாது. நிற்பாட்டி, சூடு ஆறவிட்டு, கிணற்றைவிட்டுத் தள்ளி ஊற்றுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். கிணற்றை விடத் தாழ்வான இடம் வளவில் எது? பக்கத்தில் ஒருவர் சிகரட்டோடு நிற்கவும் கூடாது. சிந்திய பெற்றோல் கொஞ்சம் கிணற்றில் இறங்கினாலே அந்தத் தண்ணியை வாயில் வைக்க முடியாது.

கடைசியாக, ஆக முக்கியமானது: ஆள் உள்ளே என்றால் இஞ்சின் ஓடக்கூடாது, மேலே வைத்திருந்தாலும்கூட. ஊற்று ஊறித் தண்ணி கூடினால் ஆள் மேலே வரட்டும், பிறகு இறைக்கட்டும். இஞ்சின், ஆள், இஞ்சின், ஆள். இரண்டும் ஒன்றாக இல்லை.

அவசரம் கிணற்றுக்கும் கேடு

2 அங்குலப் பம்பில் நிமிடத்துக்கு 500 லீற்றருக்குக் குறையாமல் இறைக்கும் என்று போட்டிருக்கும். நாலு அடி அகலக் கிணற்றில் 10 அடித் தண்ணி என்றால் மொத்தமே ஏறத்தாழ 3550 லீற்றர்தான். ஏழு நிமிட வேலை. வெள்ளம் வடிந்த கையோடு இப்படி வெறுமையாக்கினால், சுற்றியிருக்கிற ஈர மண் உள்ளே தள்ளும். கிணற்றுத் தண்ணி எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்ததை நாம் எடுத்துவிட்டோம். வளையம் விலகும், பழைய கட்டுக் கிணறு இடியும். நிலம் வடிய விட்டு, விட்டுவிட்டு மெதுவாக இறைக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கரையோரத்தில் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடல் புகுந்த கிணறுகளை நல்ல மனதோடு வந்தவர்கள் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் உப்பு குறையவில்லை. நம்ம மணலுக்குக் கீழே நன்னீர் உப்புத் தண்ணிக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. மேலே அளவுக்கு மிஞ்சி எடுத்தால் கீழே இருப்பது ஏறி வரும். இறைக்க இறைக்கச் சுத்தமாகும் என்பது எல்லாக் கிணற்றுக்கும் பொருந்தாது. எவ்வளவு இறைப்பது, குளோரின் எவ்வளவு போடுவது என்பதை பி.எச்.ஐ.யிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இறங்குகிறது யார்?

இதுதான் என் மனதில் கிடக்கிற கேள்வி. கிணற்றில் இறங்குகிறவர் வீட்டுக்காரர் இல்லை, நிர்வாக சபைத் தலைவர் இல்லை, நான் இல்லை. அன்றாடக் கூலிக்கு வருகிற ஒரு காக்கா. "இன்னும் ஐந்நூறு தாறன், அந்தச் சேத்தையும் எடுத்திரு" என்று நாம் மேலே நின்று சொல்கிறோம். வேண்டாம் என்று சொல்லும் வசதி அவருக்கு இல்லை. வீட்டில் பிள்ளைகள். பம்பை அன்பளிப்புச் செய்தவருக்கு நன்மை, தண்ணி குடிக்கிறவருக்கு நன்மை. ஆபத்து மட்டும் அவருக்கா?

"இவ்வளவு காலமும் செஞ்சம், ஒண்டும் நடக்கல்லயே" என்பார்கள். ஒன்றும் நடக்காதவர்கள்தான் வந்து அதைச் சொல்ல முடியும். நடந்தவர் வந்து சொல்ல மாட்டார்.

"எல்லாம் கத்ர், அல்லாஹ்வின் நாட்டம்" என்பார்கள். நம்பிக்கையில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்கல் பேசக்கூடாது என்பதை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம்? கயிற்றைக் கட்டிவிட்டுப் பேசுவோம்.

"இதுக்கெல்லாம் காசு எங்க?" என்பார்கள். பம்ப் வாங்கக் காசு சேர்த்த நமக்கு, தடித்த ஹோஸும் நல்ல கயிறும் வாங்க முடியாதா?

நான் கேட்பது

ஒவ்வொரு மஹல்லாவிலும் பொதுப் பம்புக்கு இரண்டு பொறுப்பாளர்கள். அவர்களில் ஒருவர் கூடப் போகாமல் பம்ப் போகாது. அவர்கள் ஒரு நாள் வேலையை விட்டு வருவதால் ஒரு சின்னக் கொடுப்பனவும் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் இலவசமாகக் கேட்கக்கூடாது.

பம்போடு எப்போதும் போகிற ஒரு பெட்டி: 30 அடி உறிஞ்சும் ஹோஸ், சல்லடை, கிளிப், அளவுக் கயிறு, ஆளைத் தாங்கும் கயிறு. பெட்டி இல்லாமல் பம்ப் இல்லை.

ஒரு சீஆர் கொப்பி: யார் கொண்டுபோனது, எந்தக் கிணறு, எத்தனை அடி, எப்போது வந்தது, ஒயில் பார்த்தாரா.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த யாரும் இஞ்சினில் கை வைப்பதும் இல்லை, கிணற்றில் இறங்குவதும் இல்லை.

ஒக்டோபரில், மழைக்கு முதல், ஒரு சனிக்கிழமை பாடசாலை மைதானத்தில் ஒரு பயிற்சி. ஊரில் நல்ல மெக்கானிக்மார் இருக்கிறார்கள், பி.எச்.ஐ. இருக்கிறார். வளிமண்டல அமுக்கத்தையும் காபனோரொட்சைட்டையும் விளங்கப்படுத்த நான் வருகிறேன். தரம் 8 பிள்ளைக்கு விளங்குகிற விஷயம், வாப்பாமாருக்கும் விளங்கும்.

அன்பளிப்புப் பெயருக்குக் கீழே சிவப்பு பெயின்ற்றில் ஒரு வரி: "கிணற்றுக்குள் இறக்கக்கூடாது." பெயர் எழுதினவரே இதையும் எழுதலாம்.

இந்தப் பதிவை ஷெயார் பண்ணுவது உங்கள் விருப்பம். அதைவிட, இந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே வரும்போது உங்கள் பள்ளி நிர்வாகத்தில் ஒருவரிடம் "நம்ம பம்புக்குப் பொறுப்பு யார்?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு பெயர் சொன்னால் சந்தோஷம், அவருக்கு ஸலாம் சொல்லுங்கள். பெயர் வரவில்லை என்றால், அந்தப் பெயர் வரும் வரைக்கும் பம்பை ஸ்டோரில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள்.